வடக்குப் பார்த்த ஹாலுக்கு டார்க் கிரே: எந்தச் சாயல் சரிவரும்?

வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். தரை சிவப்பு ஆக்சைடு, கதவெல்லாம் மரம். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு மட்டும் டார்க் கிரே அடிக்க வெகுநாள் ஆசை. ஜன்னல் வடக்குப் பார்த்தது, நேர் வெயில் அநேகமாக வராது.

ஷேட் கார்டில் சுத்தமான சாம்பலாகத் தெரிந்த ஒன்றை வாங்கி, சுவரில் இரண்டடி சதுரத்துக்கு இரண்டு கோட் அடித்துப் பார்த்தேன். பகலில் நீலம் தட்டுகிறது. இரவில் 6500 கெல்வின் (குளிர்ந்த வெள்ளை) டியூப்லைட் போட்டால் இன்னும் நீலம். அதே இடத்தில் 3000 கெல்வின் (மஞ்சள் வெளிச்சம்) பல்பைக் காட்டினேன், அழகான கரி நிறம்! வடக்கு வெளிச்சமே கொஞ்சம் நீலம் கலந்தது என்பதால், பழுப்புச் சாயல் உள்ள கிரேதான் சரி என்று நினைக்கிறேன். சிவப்புத் தரையோடும் அதுவே ஒத்துப்போகும். இப்படி அடித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், எல்ஆர்வி எண் (நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும் என்பதன் அளவு; 0 கருப்பு, 100 வெள்ளை) 10 பக்கம் போனால் ஹால் இருட்டிவிடுமா? 20 பக்கமே நின்றுகொள்ளலாமா? "விளக்கு வைக்கிற வீட்டில் இவ்வளவு கருப்பா?" என்று அம்மா தயங்குகிறார். அவர் மனசும் நிறைய வேண்டும்.

மேட் (பளபளப்பில்லாதது) பெயின்டா, சாட்டின் (லேசாகப் பளபளப்பது) பெயின்டா என்பதிலும் குழப்பம். மகளுக்கு மூன்று வயது, சுவரெல்லாம் கைத்தடம். மேட் பெயின்டில் துடைத்த இடம் திட்டாகத் தெரியும். சாட்டினிலோ பழைய சுவரின் மேடுபள்ளம் எல்லாம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பெயின்டர் வருகிறார். உங்கள் வீட்டுச் சுவரைப் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று படம் எடுத்துப் போட்டால் பேருதவியாக இருக்கும்.