டெக்ஸ்ட் எக்ஸ்பாண்டர் (சுருக்குச்சொல் தட்டினால் முழு வாசகமாக விரிக்கும் மென்பொருள்) தவறாக விரிந்த தருணம்: உங்கள் அனுபவம்?

ஒட்டுப்பலகை:
எஸ்பான்ஸோ என்ற விரிவாக்கி, விண்டோஸில். விரிய வேண்டியது ஆறு வரிப் பதில் கடிதம். வந்து விழுந்தது, சற்று முன்பு காப்பி செய்திருந்த வங்கிக் கணக்கு எண். அனுப்பும் முன் கண்ணில் பட்டதால் தப்பியது. ரிமோட் டெஸ்க்டாப்புக்குள் (தொலைவில் உள்ள கணினியை இங்கிருந்தே இயக்கும் சாளரம்) மட்டும்தான் இப்படி, அங்கேயும் பத்தில் ஒரு முறை.

காரணம் இதுதான். பேக்எண்ட் (வாசகத்தை உள்ளே செலுத்தும் முறை) ‘ஆட்டோ’வில் இருந்தால், 100 எழுத்தைத் தாண்டும் பதிலை எஸ்பான்ஸோ தட்டச்சாக அனுப்பாது. கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) வைத்து, கண்ட்ரோல்+வி கொடுத்து, பழைய கிளிப்போர்டைத் திரும்ப வைத்துவிடும். நடுவே இருப்பது வெறும் 300 மில்லி வினாடி. தொலைவில் உள்ள கணினி மெதுவாகப் படித்தால் அதன் கைக்குக் கிடைப்பது பழைய சரக்கு. கான்ஃபிக் ஃபோல்டரில் தனி யாமல் கோப்பு (அமைப்புகளை எழுதும் உரைக் கோப்பு) ஒன்று வைத்து, ஃபில்டர்_எக்ஸெக் (எந்தச் செயலிக்கு) என்பதில் எம்எஸ்டிஎஸ்சி (ரிமோட் டெஸ்க்டாப்), ரெஸ்டோர்_கிளிப்போர்டு_டிலே (திரும்ப வைக்கும் முன் காத்திருப்பு) 1500 என்று கொடுத்த பிறகு இதுவரை வரவில்லை. ஆனாலும் அந்த எண் மட்டும் போயிருந்தால் என்ற நினைப்பு போகமாட்டேன் என்கிறது. வேறு யாருக்காவது?

நேர்வழி:
இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. பேக்எண்டை ‘இன்ஜெக்ட்’ (எல்லாவற்றையும் தட்டச்சாகவே அனுப்பும் முறை) ஆக்கிவிடுங்கள். கிளிப்போர்டைத் தொடவே தொடாது. கதை முடிந்தது.

மெய்ப்புத்திருத்தி:
நேர்வழி, முடியாது. இன்ஜெக்டில் ஒவ்வொரு புதிய வரியும் ஒரு என்டர். மெயிலில் பரவாயில்லை. சாட் பெட்டியில் என்டர் என்றாலே ‘அனுப்பு’. “அன்புடையீர்” தனிச் செய்தியாகப் போனது, அடுத்த வரி தனிச் செய்தி, வாடிக்கையாளர் தரப்பில் டிங் டிங் என்று ஆறு. நிறுத்தவும் வழியில்லை, எல்லாம் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுகிறது.

அதனால் பொதுவாக ‘ஆட்டோ’வே இருக்கட்டும். பல வரி உள்ள பதில்களுக்கு மட்டும் அந்த மேட்ச்சின் (சுருக்குச்சொல்லும் அதன் விரிவும் சேர்ந்த பதிவு) கீழேயே ஃபோர்ஸ்_மோட்: கிளிப்போர்டு என்று எழுதுங்கள். இரண்டே வரிதான், 40 எழுத்துதான் என்றாலும் எழுதுங்கள். அது 100-க்குக் கீழே இருப்பதால் ‘ஆட்டோ’ அதைத் தட்டச்சாகத்தான் அனுப்பும்.

ஆச்சரியக்குறி:
இது ஆட்டோஹாட்கீ (விண்டோஸில் இன்னொரு விரிவாக்கி) கதை. சுருக்குச்சொல்லுக்கு எதிரே ஆங்கிலத்தில் “தேங்க்ஸ்! கால் மீ” என்ற வாசகம். தட்டியதும் “தேங்க்ஸ்” வந்தது, எழுதிக்கொண்டிருந்த சாளரம் மூடிக்கொண்டது. கிராஷ் இல்லை. ஹாட்ஸ்ட்ரிங்கில் (அதன் சுருக்குச்சொல் வரி) ஆச்சரியக்குறி என்றால் ஆல்ட் விசை. அதற்கடுத்து இடைவெளி, ஆக ஆல்ட்+ஸ்பேஸ். சாளர மெனு திறக்கிறது. அடுத்து வரும் ‘கால்’ சொல்லின் ‘சி’ எழுத்து அந்த மெனுவில் குளோஸ். சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது!

அந்த வரியின் முதல் இரண்டு முக்காற்புள்ளிக்கு (:) நடுவே ‘டி’ சேர்த்தால் (டெக்ஸ்ட் மோட்) வாசகம் வாசகமாகவே போகும். கூட்டல் குறி (ஷிஃப்ட்), மேல்நோக்குக் குறி (கண்ட்ரோல்), ஹாஷ் (வின் விசை), நெளி அடைப்பு எல்லாவற்றுக்கும் இதே மருந்து. சி-ஷார்ப் என்று எழுதுகிறவர்கள் கவனம்.

பழைய 1.1 பதிப்பில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: கோப்பை யுடிஎஃப்-8 வித் பாம் (எழுத்துக் குறியாக்கம் எது என்று கோப்பின் தொடக்கத்தில் சொல்லும் குறியோடு) ஆகச் சேமியுங்கள். பாம் இல்லாவிட்டால் தமிழ் வரிகள் குப்பையாக விரியும். பதிப்பு 2-இல் பாம் இல்லாமலே யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும்.

ங_போல்_வளை:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். சுருக்குச்சொல்லையே தமிழில் வைப்பவர்கள் இதைப் படியுங்கள்.

நடந்தது ஒரே வரி. “மதுரை ,,கிளை” என்று தட்டினால் “மதுரை கிளை, …” என்று முகவரி வர வேண்டும். வந்தது “மதுகிளை”. மதுரையில் ‘ரை’ காணோம். அச்சுக்குப் போகும் கடிதத் தலைப்பு அது.

விரிவாக்கி என்ன செய்கிறது என்று பாருங்கள். சுருக்குச்சொல்லில் எத்தனை யூனிகோடு குறிகளோ அத்தனை பேக்ஸ்பேஸ் அனுப்பிவிட்டுப் புதியதை எழுதும். ‘,,கிளை’ என்பது காற்புள்ளி 2, க, இகரக் குறி, ள, ஐகாரக் குறி, மொத்தம் 6. பெரும்பாலான செயலிகளில் ஒரு பேக்ஸ்பேஸ் ஒரு குறியை அழிக்கும், கணக்கு சரியாக வரும். சில எடிட்டர்கள் ‘கி’ முழுவதையும் ஒரே அடியில் அழிக்கும். அங்கே 4 அடியிலேயே வேலை முடிந்துவிடும். மிச்சம் 2 அடி எங்கே போகும்? ஒன்று இடைவெளியைத் தின்றது, இன்னொன்று ‘ரை’யை. உங்கள் எடிட்டர் எந்த ரகம் என்று பார்க்க, ‘கி’ தட்டி ஒரு முறை பேக்ஸ்பேஸ் அடியுங்கள். ‘க’ மிஞ்சினால் நல்லது.

சரி, சுருக்குச்சொல் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்றால், தமிழ்99 (தமிழ் விசைப்பலகை அமைப்பு) போட்டிருக்கும்போது அது தமிழாக விழும். அரைப்புள்ளியில் தொடங்கினால்? அதுவும் போச்சு: தமிழ்99-இல் அரைப்புள்ளி விசை ‘ந’, சாய்கோடு ‘ழ’, சதுர அடைப்பு இரண்டும் ‘ச’, ‘ஞ’. ஆங்கில வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் முன்குறிகளில் பாதி நமக்கு எழுத்து.

ஆங்கிலம், தமிழ்99 இரண்டு விசைப்பலகையிலும் மாறாதவை காற்புள்ளி, புள்ளி, எண்கள். எனவே ‘,,11’, ‘,,12’ என்று எண்ணாலேயே வையுங்கள். 1-இல் தொடங்குவது முகவரிகள், 2 பதில் கடிதங்கள், 3 தேதிகள். எல்லாமே இரண்டு இலக்கம். ‘,,1’ என்று ஒன்றும் ‘,,12’ என்று ஒன்றும் வைத்தால் 1 தட்டியதுமே முதலாவது விரிந்துவிடும், இரண்டாவதுக்கு வாழ்வே கிடையாது. சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) காலிப் புலம் வந்தால் ‘,,12’ இயல்பாகவே வரும். அதைத் திறக்கும் எடிட்டருக்குத் தனிக் கோப்பு போட்டு எனேபிள்: ஃபால்ஸ் (அங்கே விரியாதே) கொடுங்கள். எண் மறந்துபோகும் என்பவர்கள் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் லேபிள் எழுதுங்கள், தேடல் பெட்டியில் தமிழிலேயே தேடலாம்.

ஒட்டுப்பலகை:
ங_போல்_வளை, பார்த்துவிட்டேன். என் எடிட்டரில் ‘க’ மிஞ்சவில்லை. ,,கிளை, ,,நன்றி இரண்டையும் இன்றே எண்ணாக்குகிறேன்.

கடவுச்சொல்:
மேக்கில் திடீரென்று எதுவுமே விரியாமல் போனால் யாமல் கோப்பை நோண்டாதீர்கள். ஏதோ ஒரு செயலி கடவுச்சொல் பெட்டியைத் திறந்தபோது செக்யூர் இன்புட்டைப் (தட்டுவதை மற்ற செயலிகள் படிக்காதபடி மறைக்கும் மேக் பாதுகாப்பு) பிடித்துக்கொண்டு விடவில்லை என்று பொருள். அது இருக்கும்வரை எந்த விரிவாக்கிக்கும் விசை கேட்காது. இரண்டு மணி நேரம் கோப்பில் வரி வரியாகத் தேடியபின், பின்னால் கிடந்த உலாவித் தாவல் ஒன்றை மூடியதும் எல்லாம் விரியத் தொடங்கியது.

நேர்வழி:
மெய்ப்புத்திருத்தி சொன்னதைச் சோதித்தேன். சாட்டில் மூன்று வரி, மூன்று செய்தி. சரிதான். ஆனால் ஒற்றை வரிப் பதில்களுக்கு இன்ஜெக்ட்தான் என்பதில் மாற்றமில்லை. ஒட்டுப்பலகை, கணக்கு எண் விழுந்த இடத்தில் 1500 கொடுத்தாலும், இணைப்பு 2 வினாடி தொங்கினால் அதே எண் மறுபடி விழும். ரிமோட் சாளரத்துக்கு மட்டுமாவது இன்ஜெக்ட் வையுங்கள், அங்கே மெயில்தானே எழுதுகிறீர்கள்?

ஒட்டுப்பலகை:
மெயில்தான். மாற்றிவிட்டேன்.