ஏ9 ஓரத்தில் சைக்கிள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வட்டக்கச்சி ரீச்சர்:

கிளிநொச்சி நகரத்துக்குள் ஏ9 (கண்டி யாழ்ப்பாணம்) வீதி ஓரமாக சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டு மனுக் கொடுப்போமா என்று பழைய மாணவர் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. "இப்ப ஆர் ரீச்சர் சைக்கிள் ஓடுறது? எல்லாரிட்டையும் ஸ்கூட்டி இருக்கு" என்றார் ஒருவர். காலை ஏழு மணிக்குக் கரடிப்போக்குச் சந்தியில் வந்து நின்று பாருங்கள் என்றேன். உருத்திரபுரம் பக்கமிருந்து வெள்ளைச் சட்டையோடு வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஏ9இல் ஏறி முடிய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அப்போது தெரியும். ஸ்கூட்டி பெற்றோரிடம் இருக்கிறது. பிள்ளைகளிடம் இருப்பது சைக்கிள்தான். அதிலும் பாதி யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொடுத்தது.

போன தவணை நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். வீதியின் ஓரக்கோட்டுக்கு வெளியே, ஒழுங்காக. பின்னால் வந்த பஸ் எங்கள் இருவரையும் முந்திய கையோடு ஆள் ஏற்ற இடது பக்கம் வெட்டி நின்றது. பிள்ளைக்குப் பிரேக் பிடிக்க இடமில்லை. கிரவலுக்குள் இறக்கினாள், சரிந்து விழுந்தாள். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. நடத்துநர் மிதிபலகையில் நின்றபடி "தங்கச்சி, ஓரமாப் போ!" என்று கத்தினார். அவள் நின்ற இடத்துக்கு அப்பால் வடிகான்தான் இருக்கிறது.

அந்த வெள்ளைக்கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் "சைக்கிளுக்கு இடம் இருக்குத்தானே" என்று பலர் சொல்கிறார்கள். கோட்டுக்கு வெளியே ஓட்டோ நிற்கிறது, மரக்கறி வான் நிற்கிறது, பஸ் நிற்கிறது, மாசி பங்குனியில் நெல் காய்கிறது. ஒவ்வொன்றையும் சுற்றிப் போக சைக்கிள் வீதிக்குள் ஏற வேண்டும். நான் கேட்பது கோடு இல்லை, கட்டு. அரையடி உயரத்துக்குக் கொங்கிறீட் கட்டு, அதற்கு அந்தப் பக்கம் சைக்கிள். நீங்கள் ஓடுகிற இடங்களில் எப்படி? ஓடுகிறவர்கள், ஓடுவதை விட்டுவிட்டவர்கள், மற்றப் பக்கத்தில் ஸ்டியறிங் பிடிக்கிறவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு, சைக்கிள் திருத்துகிற கடை:

ரீச்சர், நான் தொண்ணூறுகளில் சாவி பிடிக்கப் பழகியவன். அப்போது சண்டைக் காலம், வன்னிக்குள் பெற்றோல் வராது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் மண்ணெண்ணெயில் ஓட்டினான். மற்ற எல்லாமே சைக்கிள்தான்: விறகு, நெல்மூட்டை, மீன்பெட்டி, கரியரில் காய்ச்சல்காரர். பற்றரியும் இல்லாதபடியால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது. வீதி முழுக்கக் கிடங்கு. ஆனால் வாகனம் மோதிச் செத்தவரைப் பற்றிக் கேள்விப்படுவது அருமை. வேகமாக ஓட வாகனமும் இல்லை, ஓடக்கூடிய வீதியும் இல்லை. அந்தக் காலம் நல்லது என்று சொல்ல வரவில்லை. அது திரும்ப வரவே வேண்டாம். சண்டை முடிந்த பிறகு ஏ9ஐயும் பரந்தன் முல்லைத்தீவு வீதியையும் காபெட் போட்டு அகட்டியபோது, அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவனை ஆரும் கணக்கில் எடுக்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

கடைக்கு வருகிற சைக்கிளைப் பார்த்தாலே வீதியின் குணம் தெரியும். முன்பு பின் ரயர் வெடிப்பு, கரியர் முறிவு, போக்ஸ் கம்பி அறுவது. எல்லாம் பாரத்தாலும் கிடங்காலும் வந்தவை. இப்போது வருவது முன் சில்லு நெளிவு. காபெட் விளிம்புக்கும் பக்கத்துக் கிரவலுக்கும் இடையில் பல இடங்களில் நான்கு விரல் உயரம் இருக்கும். மழைக்குக் கிரவல் அரிபட அது இன்னும் ஆழமாகும். ஹோர்ன் சத்தத்துக்குப் பயந்து சனம் கீழே இறக்கும். திரும்ப ஏறும்போது சில்லு விளிம்போடு உரசி வழுக்கும், ஆள் வீதிப் பக்கமாக விழும். கிரவல் பக்கம் விழுந்தால் காயம். வீதிப் பக்கம் விழுந்தால் பின்னால் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. ஏற வேண்டி வந்தால் சரித்து ஏறாமல், இறங்கி உருட்டி ஏற்றச் சொல்லித்தான் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறேன்.

இன்னொன்று. 2022இல் எரிபொருள் இல்லாமல் போனபோது என் கடை வாசலில் நிற்க இடமில்லை. ஜூன் 28ஆம் திகதியிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல் என்று அறிவித்தார்களே, அந்தக் கிழமை கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த சைக்கிளெல்லாம் எழுந்து வந்தது. வங்கியில் வேலை செய்கிறவர், கிராம சேவகர், எல்லோரும் உழக்கினார்கள். ரியூப்புக்கும் ரயருக்கும் விலை கண்ணைக் கட்டியது. பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தது, பெற்றோல் வந்தது, சைக்கிள் திரும்பக் கோழிக்கூட்டுக்குப் போனது. அவ்வளவு பேர் ஓடிய நேரத்தில் ஒரு முழம் பாதை கேட்டு வாங்கியிருக்கலாம்.

டிப்பர் ஓடுகிறவன்:

மற்றப் பக்கத்தையும் கேட்டீர்கள், சொல்கிறேன். எனக்கு நாள் சம்பளம் இல்லை, ரிப் கணக்கு. அதனால் நாங்கள் ஏன் பறக்கிறோம் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. என் இருக்கையில் இருந்து பார்த்தால் இடது பக்கக் கதவுக்குக் கீழே ஒன்றுமே தெரியாது. கண்ணாடியில் பின் சில்லு தெரியும். முன் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை சைக்கிளோடு நின்றால் தெரியாது. சந்தியில் இடது பக்கம் திருப்பும்போது பின் சில்லு முன் சில்லு போன தடத்தில் வராது, உள்ளுக்கு வெட்டி வரும். சைக்கிள்காரர் "டிப்பர் நிற்குது, இடப்பக்கத்தால் போயிடுவம்" என்று நுழைகிற இடம் அதுதான்.

70இல் ஓடினால் ஒரு விநாடிக்குள் 19 மீற்றர் போய்விடும். பிரேக்கில் கால் வைக்க முதலே அவ்வளவு தூரம். ரீச்சர் சொல்கிற கட்டு போட்டால் எங்களுக்கும் நிம்மதி. சந்தியில் மட்டும் அதை முடக்கு வரை கொண்டுவந்து வளைத்துக் கட்டச் சொல்லுங்கள். அப்போது நாங்களும் அகலமாக, மெதுவாகத்தான் திருப்ப வேண்டி வரும்.

வீதியில் நெல் காயப்போடுவதைப் பற்றி நான் சொன்னால் அடிக்க வருவார்கள். இருந்தாலும், இரவில் அதன் விளிம்புக்குக் கல்லும் தடியும் வைப்பதை நிறுத்துங்கள். முதலில் அதில் விழுகிறவன் சைக்கிள்காரன்தான்.

ரொறன்ரோவில் இருந்து, ஊர் மல்லாவி:

போன வருடம் லீவில் வந்தபோது மல்லாவியில் இருந்து துணுக்காய்க்கு மருமகனின் சைக்கிளில் போனேன். வெயிலைத் தவிர ஒரு குறையும் இல்லை. வாகனம் குறைவு, ஆட்கள் கை காட்டிக் கதைத்தார்கள். மாங்குளத்தில் ஏ9இல் ஏறியதும் கை நடுங்கிவிட்டது. பாதுகாக்கப்பட்ட பாதை எல்லா வீதிக்கும் தேவையில்லை என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. மெதுவான வீதியில் கலந்து ஓடலாம். வேகமும் பாரமும் சேர்ந்த வீதியில் பிரிக்க வேண்டும். நெதர்லாந்துக்காரரும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்க்கிறார்கள்: 30இல் வாகனம் ஓடுகிற குடியிருப்புத் தெருவில் கலப்பு, 50க்கு மேலே போனால் தனிப்பாதை.

இங்கே புளோர் தெருவில் 2016இல் சைக்கிள் பாதையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். முதலில் கோடும் வளைகிற பிளாஸ்ரிக் தூண்களும்தான். தூணை வாகனம் ஏறி மிதித்துவிட்டுப் போகும். பிறகு பல இடங்களில் கொங்கிறீட் வந்தது. கடைக்காரர் பலர் வியாபாரம் படுத்துவிடும் என்று எதிர்த்தார்கள். இன்றுவரை சண்டை ஓயவில்லை. 2024 நவம்பரில் இங்குள்ள ஒன்ராறியோ மாகாண அரசு புளோர், யங், யூனிவேர்சிற்றி ஆகிய மூன்று வீதிகளிலும் பாதையை அகற்றச் சட்டமே கொண்டுவந்தது. 2025 ஜூலையில் நீதிமன்றம், அகற்றினால் ஆட்களின் உயிருக்கு ஆபத்து கூடும், அது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னது. அரசு மேன்முறையீட்டுக்குப் போனது. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கட்டின பிறகும் காக்க வேண்டும். ஊரில் மனுக் கொடுக்கும்போதே கடைக்காரரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்கள் எதிர்த்தால் அலுவல் முடிந்தது.

பஸ்ஸுக்கும் ஒரு வழி இருக்கிறது. பாதையைத் தரிப்பிடத்துக்கு முன்னால் விடாமல் பின்னால் வளைத்துக் கொண்டுபோவார்கள். பஸ் வீதியிலேயே நிற்கும். ஆட்கள் ஏறி இறங்க நடுவில் ஒரு திட்டு இருக்கும். பஸ்ஸும் சைக்கிளும் ஒன்றையொன்று வெட்டாது. கான் மூடியோடு சேர்த்தால் கிளிநொச்சியில் அதற்கு இடம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நான் பொறியியலாளன் இல்லை, பீற்சா டெலிவரியில் தொடங்கியவன்.

வட்டக்கச்சி ரீச்சர்:

நெதர்லாந்து என்றதும் ஒன்று நினைவு வந்தது. அவர்களும் பிறவியிலேயே சைக்கிள் பாதையோடு பிறந்தவர்கள் இல்லை. 1971இல் அங்கே வீதி விபத்துகளில் மூவாயிரத்துக்கு மேல் செத்தார்கள், அதில் நானூறுக்கு மேல் பிள்ளைகள். பெற்றோர் "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்று பெயர் வைத்து வீதிக்கு இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை போட்டபோது வெறும் வீதியின் சுகத்தை எல்லோரும் கண்டார்கள். இரண்டும் சேர்ந்துதான் அரசு அசைந்தது. அவர்களுக்கு எண்ணெய் நெருக்கடியிலிருந்து பாதை மிஞ்சியது. எங்களுக்கு கியூஆர் மிஞ்சியது. புதுக்குடியிருப்பு அண்ணை சொன்னது சரி.

முரசுமோட்டை, வயல்காரன்:

நெல்லைப் பற்றிச் சொன்ன தம்பிக்கு: கல்லும் தடியும் வைப்பது பிழைதான். உலரவிடத் தளம் கட்டித் தந்தால் வீதிக்கு ஏன் வருகிறோம்? ஈர நெல்லைக் கொண்டுபோனால் வியாபாரி கிலோவுக்கு என்ன குறைப்பான் தெரியுமா? மனுவில் அதையும் ஒரு வரி சேருங்கள் ரீச்சர். நெல் வீதியை விட்டு எழும்பினால் சைக்கிளுக்கு இடம் வரும்.

என் அனுபவம் வேறு. நான் ஏ9 பக்கமே போவதில்லை. இரணைமடுவில் இருந்து வருகிற வாய்க்கால் இருக்கிறதே, அதன் கரைதான் என் வீதி. வலதுகரைப் பக்கம் ராமநாதபுரம், வட்டக்கச்சி, இங்கே முரசுமோட்டை என்று வயலும் குடிமனையும் அந்தத் தண்ணீரைப் பிடித்துத்தான் இருக்கின்றன. தண்ணீர் ஓடுகிற வழி என்றபடியால் ஏற்ற இறக்கம் கிடையாது, உழக்கக் கால் நோகாது. பல இடங்களில் மர நிழல். டிப்பர் வராது. வந்தால் உழவு இயந்திரம், அதுவும் முன்கூட்டியே சத்தம் போட்டுக்கொண்டுதான் வரும். சைக்கிளுக்கென்று புதிதாகக் கட்டத் தேவையில்லை, ஏற்கெனவே கட்டித்தான் இருக்கிறது. கிரவல் போட்டு உருளை ஓட்டி, மதகுகளுக்குக் கைபிடி வைத்தால் போதும். போன மாரியில் மதகுக்குள் ஒரு பொடியன் சைக்கிளோடு விழுந்தான். நல்ல காலம், தண்ணீர் இடுப்பளவு.

வட்டக்கச்சி ரீச்சர்:

ஐயா, காலையில் நானே அந்தக் கரையால் வந்திருக்கிறேன், சுகமான வழி. ஆனால் ரியூசன் முடிந்து ஆறரைக்குத் திரும்புகிற பெண் பிள்ளையை அந்த வழியில் விட ஒரு தாயும் சம்மதிக்க மாட்டாள். வெளிச்சம் இல்லை, கூப்பிட்டால் கேட்க வீடு இல்லை, நாய்க்கூட்டம் வேறு. பிள்ளைகள் ஆபத்தான ஏ9ஐத் தெரிவு செய்வதற்குக் காரணம் அதில் லைற் இருப்பதுதான். ஊர்களில் இருந்து நகரம் வரை வாய்க்கால் கரை, நகரத்துக்குள் கட்டுப் போட்ட பாதை என்று இரண்டையும் இணைத்துக் கேட்போம். கரையில் லைற் போடாமல் அந்தப் பாதி வேலைக்கு ஆகாது.

ஒட்டுசுட்டானில் இருந்து:

மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் இரவில் சைக்கிள் ஓடுகிற நான் சிரித்துவிட்டுப் போகிறேன். எங்களுக்குக் கட்டுப் போட்டால் யானை அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தாண்டும். கட்டாக்காலி மாடு அதன் மேல் படுக்கும். எங்கள் பக்கத்துக்கு முதலில் பின் மட்காட்டுக்கு ஒட்டுகிற சிவப்பு ரிப்ளெக்ரர் தாருங்கள். மாட்டுக்குக் கழுத்தில் ஒன்று கட்டுங்கள். மற்றதைப் பிறகு கதைப்போம்.

வட்டக்கச்சி ரீச்சர்:

ரிப்ளெக்ரரையும் எழுதிக்கொண்டேன். மனுவுக்கு முன்னால் கணக்கு வேண்டும். வருகிற புதன் காலை 6.45 முதல் 7.45 வரை கரடிப்போக்குச் சந்தியில் சைக்கிள் எண்ணுவோம், ஓரக்கோட்டுக்கும் கானுக்கும் இடையில் எத்தனை அடி என்று அளப்போம். அளவு நாடா என்னிடம் இருக்கிறது. ஏஎல் பிள்ளைகள் நான்கு பேர் வருகிறார்கள். பெரியவர்கள் இரண்டு பேர் வந்தால் நல்லது.

டிப்பர் ஓடுகிறவன்:

புதன் எனக்கு லோட் இருக்கிறது ரீச்சர். ஞாயிறு என்றால் வரலாம்.

வட்டக்கச்சி ரீச்சர்:

ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லையே அண்ணை, ஆரை எண்ணுவது?

டிப்பர் ஓடுகிறவன்:

அதுவும் சரி. அப்போ இப்படிச் செய்வோம். ஒரு நாள் பின்னேரம் வாகனத்தைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். இடது பக்கம் நான்கைந்து சைக்கிளோடு பிள்ளைகளை நிற்க விடுங்கள். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக என் சீற்றில் ஏறி இருந்து, எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று சொல்லட்டும். அந்த நடத்துநரையும் கூப்பிடுங்கள்.

வட்டக்கச்சி ரீச்சர்:

அதிபரிடம் நாளைக்கே கேட்கிறேன். வெறும் பெட்டியோடு வாருங்கள், மைதானம் போன மாதம்தான் மண் போட்டு மட்டம் பண்ணியது.