எந்த குவாங்ஜூ?

கொரியா வந்த இரண்டாவது வாரம். "நாளைக்கு பத்து மணிக்கு குவாங்ஜூ ஃபேக்டரிக்கு வந்துவிடுங்கள்" என்றார் மேலாளர். நானும் விடியற்காலையில் சியோலில் எக்ஸ்பிரஸ் பஸ் பிடித்து, சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். மூன்றரை மணி நேரம் கழித்து இறங்கி போன் போட்டேன். எங்கே நிற்கிறேன் என்று சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே சிரிப்பு. அவர் சொன்னது கியோங்கி மாகாணத்து குவாங்ஜூவாம். சியோலுக்குப் பக்கத்தில், பாங்யோவில் ரயில் மாறினால் நாலாவது ஸ்டேஷன். நான் போய் நின்றதோ தெற்கே கிட்டத்தட்ட 300 கி.மீ. தள்ளி இருக்கிற பெருநகரம். கொரிய எழுத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். சீன எழுத்தில் எழுதினால்தான் ஒன்று 'அகன்ற', இன்னொன்று 'ஒளி' என்று பிரியும். சியோல் பக்கத்து குவாங்ஜூ ஸ்டேஷனுக்கே 'கியோங்கி குவாங்ஜூ' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர் ஏமாந்தார்களோ!

*

அண்ணே, நீங்களாவது ஒரு நாள்தான் அலைந்தீர்கள். நான் இருப்பது உயிஜொங்பு. வாரம் இரண்டு முறை சுவோனில் வேலை. இரண்டு ஊரும் கியோங்கிதான், ஆனால் உளுந்து வடை ஓட்டை மாதிரி நடுவில் சியோல். மெட்ரோ ரயிலின் முதலாம் லைனில் ஏறித் தலைநகரைத் தாண்டிப் போய்ச் சேர இரண்டு மணி நேரம். மாகாணத் தலைமை அலுவலகமும் 1967 வரை சியோலுக்குள்தான் இருந்தது, பிறகுதான் சுவோனுக்குப் போனது. வடக்குப் பக்கத்துக்காரர்களுக்கு உயிஜொங்புவில் தனி அலுவலகம் உண்டு. கியோங்கியின் வடக்குப் பகுதியைத் தனி மாகாணமாகப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சும் ரொம்ப நாளாக ஓடுகிறது. 2024-ல் போட்டி வைத்து 'பியோங்வா நூரி' என்று பெயர்கூடத் தேர்ந்தெடுத்தார்கள். அமைதி உலகம் என்று அர்த்தம். எங்கள் அபார்ட்மென்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "வட கொரியாக்காரன் வைத்த பேர் மாதிரி இருக்கு" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி முகம் சுளித்தார்.

*

கியோங்கியிலிருந்து சியோலுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற சிவப்பு பஸ்ஸை விட்டுவிட்டீர்களே! சியோலில் ஒரு கோடி பேர்கூடக் கிடையாது, கியோங்கியில் 1.35 கோடிக்கு மேல். காலையில் அதில் பாதிப் பேர் யோங்கினில் என் ஸ்டாப்பில்தான் நிற்கிறார்களோ என்று தோன்றும். எக்ஸ்பிரஸ்வேயில் ஓடுகிற பஸ் என்பதால் நின்றுகொண்டு போக விடமாட்டார்கள். வருகிற பஸ்ஸில் எத்தனை சீட் காலி என்று ஸ்டாப் பலகையில் காட்டும். 7 என்று இருக்கும். சரி, இடம் கிடைத்துவிடும் என்று நினைக்கும்போதே 3 ஆகும். அப்புறம் 0. இப்போதெல்லாம் நான் இருபது நிமிடம் பின்னால் நடந்து, நாலு ஸ்டாப் முன்பே ஏறிவிடுகிறேன். போன வாரத்திலிருந்து அங்கேயும் வரிசை நீள ஆரம்பித்திருக்கிறது.