மழையில் வாய் பிளந்த லோஃபர்: குட்இயர் வெல்ட்டுக்கு மாறலாமா?

மாட்டுங்கா மீனா:
வணக்கம். ஆபீஸ் போகும் பெண்களுக்காக ஒரு லோஃபர் (நாடா இல்லாத ஷூ) வரைந்து, தாராவி காலா கில்லா பக்கம் ஒரு பட்டறையில் 24 ஜோடி போட்டேன். ஆட்டுத்தோல் அப்பர் (மேல்பாகம்), மெல்லிய கறுப்பு சோல், தையல் இல்லாமல் பசையால் ஒட்டு வேலை. மே மாதம் பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஜூலையில் தாதரில் ரயில் மாற ஓடிய தோழியின் காலில் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. இதுவரை 9 ஜோடி திரும்பி வந்தாயிற்று. அடுத்த தடவை குட்இயர் வெல்ட் தையலில் செய்யலாமா? யூடியூபில் எல்லாரும் அதுதான் உசத்தி என்கிறார்கள். அல்லது பிளேக் தையலா? ஒன்று மட்டும்: சோலின் ஓரம் ஒல்லியாக இருப்பதுதான் இந்த டிசைனுக்கே அழகு, அதை விட மனமில்லை.

சயான் சேகர்:
பிளேக் போங்கள். நான் நாலு வருஷமாகப் போடுகிறேன், தையல் ஒன்றுகூட விடவில்லை. மழைக்காலத்தில் மட்டும் வெளியே எடுப்பதில்லை, அப்போது ரப்பர் செருப்புதான்.

ஆம்பூர்க்காரன்:
சேகர் தம்பி, உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. பிளேக் மெஷினின் கொம்பு ஷூவுக்குள் நுழைந்து இன்சோல் (பாதம் படும் உள்தகடு), அப்பர், சோல் மூன்றையும் ஒரே தையலில் பிடிக்கும். அதனால் ஓரம் ஒல்லியாக வரும், நன்றாக வளையும். ஆனால் அந்த நூல் தரையிலிருந்து நேரே பாதத்துக்கடியில் வருகிறது. தேங்கிய தண்ணீரில் நின்றால் திரிவிளக்கு எண்ணெய் இழுப்பதுபோல் இழுக்கும்.

மீனாம்மா, குட்இயர் நல்ல வேலைதான். (டயர் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரப்பரைப் பதப்படுத்தக் கண்டுபிடித்தவரின் மகன் பெயரில் வந்த மெஷின்.) இன்சோலின் அடியில் ஒரு ரிப் (வரப்பு மாதிரி மேடு), அதோடு அப்பரையும் வெல்ட் பட்டையையும் சேர்த்து ஒரு தையல், பிறகு வெல்ட்டையும் சோலையும் சேர்த்து வெளியே இன்னொரு தையல். நடுவில் விழும் பள்ளத்துக்கு கார்க். சோல் தேய்ந்தால் பிரித்து மாற்றலாம், அதுதான் அதன் பெருமை. ஆனால் அந்த வெளித்தையலுக்கு இடம் வேண்டுமே! சுற்றிலும் பட்டை நீட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் லோஃபர் படகு மாதிரி ஆகிவிடும். ஆட்டுத்தோலும் அந்த இழுப்புக்கு மெல்லிசு. ஓரம் ஒல்லி என்று முடிவு செய்த அன்றே வெல்ட் போய்விட்டது.

20 வருஷம் லாஸ்டிங் செக்ஷனில் (அப்பரை அச்சுக்கட்டைமேல் இழுத்துப் பொருத்தும் இடம்) நின்றவன் சொல்கிறேன், ஒட்டு வேலை மட்டமானது இல்லை. அவசரத்தில் ஒட்டுவதுதான் மட்டம். திரும்பி வந்த ஜோடியை முழுசாகப் பிரித்துப் பாருங்கள். பசையோடு தோலின் மேல்பூச்சு உரிந்து வந்திருந்தால் அப்பரைச் சரியாக ரஃப் செய்யவில்லை, அதாவது சொரசொரப்பாகத் தேய்க்கவில்லை. பசை முழுதும் அப்பரிலேயே நின்று சோல் மொழுமொழு என்று இருந்தால் சோலுக்கு பிரைமர் (பசைக்கு முன் அடிக்கும் பூச்சு) அடிக்கவில்லை. பசை பபிள்கம் மாதிரி இழுபட்டால் வேறு கதை. எது என்று சொல்லுங்கள்.

மாட்டுங்கா மீனா:
மூன்றாவது, அண்ணா. கையில் ஒட்டுகிறது, இழுத்தால் நூல் நூலாக வருகிறது. பட்டறைக்காரர் ரப்பர் சோல், நல்ல சொல்யூஷன் (பசை) என்றுதான் சொன்னார்.

ஆம்பூர்க்காரன்:
ரப்பர் இல்லை, பி.வி.சி. பிளாஸ்டிக் சோலாக இருக்கும். அதை மிருதுவாக்கச் சேர்க்கிற எண்ணெய் மெல்லக் கசிந்து மஞ்சள் சொல்யூஷனை இளக்கிவிடும். மே மாதமே இளகத் தொடங்கியிருக்கும், மழை அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். சந்தேகமென்றால் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பசை படாத இடத்தில் சோலைத் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். பச்சையாக எரிந்தால் பி.வி.சி. பசை பட்ட இடம் வேண்டாம், அந்தச் சொல்யூஷனே பச்சை காட்டி ஏமாற்றும். வெட்டவெளியில் செய்யுங்கள், புகை பொல்லாதது.

அடுத்த தொகுதிக்கு நிஜ ரப்பர் சோல் வாங்குங்கள். சோலை ரஃப் செய்து பிரைமர், பிறகு இரண்டு பக்கமும் பி.யு. (பாலியூரித்தேன்) பசை. ஹார்ட்னர் (பசையை இறுகவைக்கும் மருந்து) கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாள் தொடக்கூடாது. மும்பை மழையில் இன்னொரு தொல்லை: பசையிலுள்ள திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். அப்படியே ஒட்டினால் தண்ணீரைத்தான் ஒட்டுகிறீர்கள். ஹீட்டரில் காட்டி, சூடு ஆறுவதற்குள் பிரஸ்ஸில் வையுங்கள். லாஸ்டை (ஷூவுக்குள் இருக்கும் அச்சுக்கட்டை) உடனே உருவவும் விடாதீர்கள். கட்டை காலியாகட்டும் என்று பட்டறையில் அவசரப்படுவார்கள்.

மாட்டுங்கா மீனா:
கம்பி பச்சையாகத்தான் எரிந்தது. திரும்பி வந்த 9 ஜோடியை அதே சோலோடு மறுபடி ஒட்டலாமா அண்ணா?

ஆம்பூர்க்காரன்:
பழைய பசையைத் துளி விடாமல் சுரண்டி, சோலை எம்.இ.கே. என்ற கரைப்பான் கொண்டு துடைத்து, பி.யு. போட்டால் நிற்கும். கூலி கட்டுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நானாக இருந்தால் சோலையே மாற்றிவிடுவேன். முதல் ஜோடியை ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் முன்பக்கத்தை நூறு தடவை மடக்கிப் பாருங்கள். அப்புறம் மிச்சம் எட்டைத் தொடுங்கள்.