இரண்டு வீடு, ஒரு செட்டாப் பெட்டி: உங்களுக்கு என்ன நடந்தது?

தண்டையார்பேட்டைக்காரன்:
நான்கு மாதம் பொன்னேரி வீட்டில் இருந்துவிட்டு வந்த மறுநாள் காலையே கேபிள்காரர் வாசலில் நின்றார், நான்கு மாதப் பாக்கி கேட்டு. "வீடு பூட்டிக் கிடந்ததே" என்றேன். "வீட்டைத்தான் பூட்டினீர்கள் சார், என் வயரைப் பூட்டவில்லையே" என்றார். வாயடைத்துப் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அன்று இரவெல்லாம் விதவிதமான பதில்கள் தோன்றின. இன்றுகூடக் குளிக்கும்போது ஒன்று தோன்றியது.

மீஞ்சூர் லோக்கல்:
இதற்குப் பயந்துதான் நான் டிடிஎச் பெட்டியைக் கையோடு தூக்கிப் போகிறேன். இரண்டு மொட்டைமாடியிலும் டிஷ் உண்டு. போன மாதம் கும்மிடிப்பூண்டி ரயிலில், லுங்கியில் சுற்றி மஞ்சள் பையில் வைத்திருந்தேன். கொருக்குப்பேட்டையில் ஏறிய அம்மா ஒருவர் மீன்கூடையை அதன்மேல் இறக்கிவிட்டார். அத்திப்பட்டு வரை ஐஸ் தண்ணீர் சொட்டியது. வீட்டில் அம்மா ரிமோட்டை முகர்ந்து பார்த்து, "சங்கரா" என்றாள். பெட்டி இன்னும் ஓடுகிறது. சூடேறினால் மணக்கிறது.

ராயபுரம்வாசி:
மேலே சொன்னதை யாரும் செய்யாதீர்கள். இணைப்பு ஒரு முகவரிக்குத்தான். 2020இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இரண்டாவது தொலைக்காட்சிக்கு நெட்வொர்க் கட்டணத்தில் (கட்டணச் சேனல்களின் விலை சேராத அடிப்படை மாதக் கட்டணம்) 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்திருந்ததே, அதுவும் ஒரே வீட்டுக்குள் இருந்த தொலைக்காட்சிகளுக்குத்தான். பொன்னேரிக்கு தூர்தர்ஷனின் இலவச டிடிஎச், அதாவது டிடி ஃப்ரீ டிஷ் போதும்: பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒருமுறை செலவு, மாதக் கட்டணம் கிடையாது. அதை ஒளிபரப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கே 93.5 பாகையில் இருக்கிறது. நம் பக்கத்தில் டிஷ் தென்கிழக்காக, நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும். தென்னை மறைத்தால் போயிற்று. சென்னை வீட்டு இணைப்பை, ஊருக்குக் கிளம்பும் முன்பே தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள். விதியில் இடம் உண்டு. என் கதையா? மாமனார் வீட்டில் ஃப்ரீ டிஷ் மாட்டினேன். மாமியாரின் சீரியல் அதில் வரவில்லை.

காசிமேடு மகள்:
அந்தக் கடைசி வரிதானே விஷயம், அதை இப்படியா தாண்டிப் போவது? இலவசம் என்று ஃப்ரீ டிஷ் மாட்டியதிலிருந்து, அம்மா பழவேற்காட்டுக்கே வரமாட்டேன் என்கிறாள். அப்பாவுக்குக் கவலை இல்லை, அவருக்குப் பொதிகை போதும். அது 2024 முதல் டிடி தமிழ் என்றால் நம்புவதில்லை.

தண்டையார்பேட்டைக்காரன்:
ராயபுரம்வாசி, கேபிள்காரரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனேன். "சரி சார்" என்றார்.