மறு: நீதிபதி ஊதியம் – ‘நிதிப் பாதுகாப்பு’ பொருந்துமா?

அனுப்புநர்: இரா., மயூர் விஹார், தில்லி

அன்புள்ள நண்பர்களுக்கு,

தில்லியில் சட்டம் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கான சொற்பட்டியலில், நீதித்துறைச் சுதந்திரம் பற்றிய பகுதியில் ‘ஃபைனான்ஷியல் செக்யூரிட்டி’க்கு ‘நிதிப் பாதுகாப்பு’ என்று போட்டிருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். வைப்புத் தொகைக்கும் முதியோர் உதவிக்கும் அந்தச் சொல் சரி. இங்கே பேச்சு நீதிபதியின் வசதியைப் பற்றியது அல்ல. நம் நாட்டில் மிக அதிகமாக வழக்காடும் தரப்பு அரசுதான். அதே அரசு தீர்ப்பு சொல்பவரின் சம்பளத்தில் கை வைக்க முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கருத்து.

என் முன்மொழிவு: ‘ஊதியக் குறைப்புத் தடை’. நீதிபதி பதவியில் இருக்கும் வரை அவர் ஊதியம் குறைக்கப்படாது என்கிறது அமெரிக்க அரசமைப்பின் 3ஆம் உறுப்பு. அதற்கு இது அப்படியே பொருந்தும்.

– இரா.

அனுப்புநர்: சு., கரோல் பாக், தில்லி

இரா. ஐயா அவர்களுக்கு,

‘நிதிப் பாதுகாப்பு’ வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் ‘குறைப்புத் தடை’ பாதி விஷயத்தைத்தான் பிடிக்கிறது.

நம் அரசமைப்பின் இரண்டாம் அட்டவணையையே பாருங்கள். 1950இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு மாதம் 5,000 ரூபாய், மற்ற நீதிபதிகளுக்கு 4,000. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு 3,500. அரசமைப்பின் 54ஆம் திருத்தத்தின்படி 1986 ஏப்ரல் 1 முதல் இவை 10,000, 9,000, 8,000 என்று ஆகும்வரை 36 ஆண்டுகள் அதே தொகைகள்தாம். இடையில் யாரும் ஒரு பைசா குறைக்கவில்லை. குறைப்புத் தடை முழுதாகக் காப்பாற்றப்பட்டது; விலைவாசி அந்தச் சம்பளத்தைத் தின்று தீர்த்தது. இந்த நிலைக்கு ‘ஊதிய உறைவு’ என்று தனிச்சொல் வேண்டும். ‘முடக்கம்’ என்றால் சம்பளத்தையே நிறுத்திவைத்ததுபோல் ஆகிவிடும்.

1997இல் கனடா உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது: குறைப்பு, உயர்வு, உறைவு மூன்றுமே தன்னாட்சியுள்ள ஓர் ஆணையத்தின் வழியாகத்தான் வர வேண்டும். பரிந்துரையை அரசு ஏற்க மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். நீதிபதிகளும் அரசும் நேராக உட்கார்ந்து சம்பளம் பேசக் கூடாது. உயர்வையும் சேர்த்ததுதான் இதில் முக்கியம். குறைக்கிற கையைவிடக் கொடுக்கிற கைதான் அதிகம் வளைக்கும்.

ஆகவே பொதுச்சொல்லாக ‘ஊதியக் காப்பு’ என்று வைப்போம்.

– சு.

அனுப்புநர்: மீ., முனீர்கா, தில்லி

‘காப்பு’ என்றதும் காப்பீடுதான் நினைவுக்கு வருகிறது. மாணவர்கள் குழம்ப மாட்டார்களா?

இன்னொன்று. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைப் பற்றிய நம் அரசமைப்பின் 125(2) உறுப்பில் உள்ள வரம்புரைக்கு (விதிக்கு வரம்பு கட்டும் ‘ப்ரொவைசோ’வுக்கு) ‘குறைப்பு’ என்ற சொல்லே ஒவ்வாது. நியமனத்துக்குப் பிறகு நீதிபதிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று அது பட்டியலிடுவது சலுகைகள், படிகள், விடுப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றை. சம்பளம் அந்த வரியில் இல்லை. அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளருக்கான 148(3)இலோ சம்பளம் என்ற சொல்லே நேராக இருக்கிறது. நீதிபதிகளின் சம்பளத் தொகை முதலில் அட்டவணையிலேயே இருந்தது, 1986 முதல் நாடாளுமன்றச் சட்டத்தின் கையில் இருக்கிறது. நிதி நெருக்கடி நிலையில் நீதிபதிகளின் சம்பளத்தையும் குறைக்க 360(4) இடம் தருகிறது. இத்தனையையும் ‘தடை’ என்று ஒரே சொல்லில் அடைத்தால், இல்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொன்னதாகிவிடும். வரம்புரைக்கு ‘பாதக மாற்றத் தடை’ என்று தனியாகப் போடுங்கள்.

– மீ.

அனுப்புநர்: சு., கரோல் பாக், தில்லி

மீ. அம்மா சொன்ன ‘பாதக மாற்றத் தடை’யை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காப்பீட்டுக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இது தனியாக வரும் சொல் அல்ல. 1985இல் வாலன்டே வழக்கில் கனடா நீதிமன்றம் சொன்ன மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பதவிக் காப்பு, ஊதியக் காப்பு, நிர்வாகத் தன்னாட்சி. முதல் இரண்டும் இணையாக நிற்கும்.

சொற்பட்டியல் பதிவில் ஓர் எச்சரிக்கை அவசியம்: இந்தக் காப்பு எல்லா நீதிபதிகளுக்கும் ஒரே அளவில் இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் மாநிலத் தொகுப்பு நிதியின்மேல் (அரசின் பொதுக் கருவூலத்தின்மேல்) சார்த்தப்பட்ட செலவு, ஓய்வூதியம் இந்தியத் தொகுப்பு நிதியின்மேல். இரண்டையும் அவையில் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. மாவட்ட நீதிபதிக்கும் உரிமையியல் நீதிபதிக்கும் இந்த அரண் கிடையாது. அவர்களுக்கு உள்ளது ஊதியம் பரிந்துரைக்கும் ஆணையமும் உச்ச நீதிமன்ற உத்தரவும்தான்.

அந்த வழி எவ்வளவு மெதுவானது என்பதற்குக் காலவரிசையே சாட்சி. 2017 நவம்பரில் அமைந்த இரண்டாம் தேசிய நீதித்துறை ஊதிய ஆணையம் 2020இல் அறிக்கை தந்தது. ஊதிய விகிதத்தை 2022 ஜூலையிலும், படிகளை 2024 ஜனவரியிலும் நீதிமன்றம் ஏற்றது. தொடக்கநிலை உரிமையியல் நீதிபதிக்கு 27,700 ரூபாய் 2.81ஆல் பெருக்கப்பட்டு 77,840 ஆனது, 2016 ஜனவரி 1 முதல். நிலுவையை 25, 25, 50 விழுக்காடாகப் பிரித்துத் தரச் சொல்லியும் பல மாநிலங்கள் இழுத்தடித்தன. படிகளுக்காக 2024இல் தலைமைச் செயலாளர்களையே நீதிமன்றம் நேரில் அழைக்க வேண்டியதாயிற்று.

இந்த ஆணையத்தை ‘ஊதியக் குழு’ என்று எழுத வேண்டாம். அரசு ஊழியர்களுக்கான குழுவோடு சேர்த்துப் படித்துவிடுவார்கள். நீதிபதிகள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 1993 தீர்ப்பின் சாரமே நீதிபதிகளை அரசு ஊழியர்களோடு ஒப்பிடக் கூடாது என்பதுதான். ‘நீதித்துறை ஊதிய ஆணையம்’ என்றே இருக்கட்டும்.

– சு.

அனுப்புநர்: இரா., மயூர் விஹார், தில்லி

அப்படியானால் பதிவு இப்படிப் போகிறது:

ஊதியக் காப்பு: நீதிபதியின் ஊதியம், படி, ஓய்வூதியம் ஆகியவற்றை அரசு தன் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ உறையவிடவோ முடியாதபடி சட்டமும் தன்னாட்சி ஆணையமும் தரும் அரண். உட்சொற்கள்: ஊதியக் குறைப்புத் தடை (அமெரிக்கா), பாதக மாற்றத் தடை (இந்தியா, 125, 221), ஊதிய உறைவு, சார்த்தப்பட்ட செலவு, நீதித்துறை ஊதிய ஆணையம்.

மீ. அவர்களே, உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கான 221ஆம் உறுப்பின் வரம்புரையில் படிகளும் விடுப்பும் ஓய்வூதியமும் மட்டுமே உள்ளன, ‘சலுகைகள்’ இல்லை. இந்த வேறுபாட்டைப் பதிவிலேயே காட்டுவதா, அடிக்குறிப்பில் தள்ளுவதா என்று சொல்லுங்கள்.

– இரா.