ராத்திரி வேட்டைக்கு ஸ்கோப்: டிஜிட்டலா தெர்மலா? படம் வெள்ளையா பூத்துப்போகுது, உதவுங்க

காட்டுவழி:
வணக்கம். லைசென்ஸ் இருக்கு, ராத்திரியில காட்டுப்பன்னி சுட அனுமதியும் எழுத்துல வாங்கியாச்சு, அந்தப் பக்கம் சிக்கல் இல்ல. ரைஃபிள்ல இப்ப இருக்கிறது 3லருந்து 9 மடங்கு வரைக்கும் பெருசாக்குற சாதாரண 3-9 ஸ்கோப், முன்லென்ஸ் 40 எம்எம். பொழுது சாஞ்சு கொஞ்ச நேரத்துல, சரியா பன்னி இறங்குற நேரத்துல, எல்லாம் இருட்டு, கறுப்பு ரெட்டிகிள் (குறிவைக்கிற கோடு) கறுப்பு உடம்பு மேல எங்க நிக்குதுன்னே தெரியல. சிநேகிதர்கிட்ட டிஜிட்டல் நைட் விஷன் ஸ்கோப் இரவல் வாங்கி ரெண்டு ராத்திரி உக்காந்தேன். 50 மீட்டர் வரைக்கும் பரவாயில்ல, அதுக்கு மேல படம் பூரா வெள்ளையா பூத்துப்போகுது, அகச்சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ஐஆர் டார்ச்சை ஏத்த ஏத்த இன்னும் மோசமாகுது. நான் சுடுற தூரம் மிஞ்சிப்போனா 150 மீட்டர். நல்ல டிஜிட்டலா பாத்து வாங்கவா, இல்ல காசு சேத்து, சூட்டை வச்சுப் படம் காட்டுற தெர்மலுக்குப் போகவா? நான் பாத்த 384 தெர்மல் (சென்சார் அகலத்துல 384 பிக்சல்), 35 எம்எம் லென்ஸ், டப்பாவுல 1800 மீட்டர்னு போட்டிருக்கான், அப்ப 150 எல்லாம் ஒரு தூரமே இல்லன்னு தோணுது, சரிதானே?

இரவாடி:
அந்த வெள்ளை ஸ்கோப்போட கோளாறா இருக்காது ப்ரோ. உங்களுக்கு முன்னாடி நிக்கிற புல்லு, இல்லன்னா துப்பாக்கிக் குழலே, ஐஆர் வெளிச்சத்தைத் திருப்பி லென்ஸுக்குள்ள அடிக்குது. கிட்டக்க இருக்கிறது பளிச்சுன்னு ஆனதும் ஸ்கோப் தானா எக்ஸ்போஷரைக் குறைச்சிடும், தூரத்துல இருக்கிறது அப்படியே அமுங்கிப் போயிரும். டார்ச்சைக் கூட்டக்கூடாது, குறைக்கணும். ஒளிக்கற்றையைச் சுருக்கி, டார்ச்சைக் குழல் மேல படாத மாதிரி பக்கவாட்டுல ஏத்தி மாட்டி, முன்னாடி இருக்கிற புல்லைத் தாண்டுற மாதிரி கொஞ்சம் உயரத்துல உக்காந்து பாருங்க. பகல்ல வச்ச ஃபோகஸ் ஐஆர்ல அப்படியே நிக்காது, ராத்திரியில திரும்பவும் வைக்கணும். பனிமூட்டம் இருந்தா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, துளி ஒவ்வொண்ணும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அந்த டார்ச் 850 நானோமீட்டரா 940ஆ? 850ல முன்னாடி நின்னு பாத்தா மங்கலா சிவப்பு தெரியும், தூரம் நல்லா போகும். 940 கண்ணுக்குத் தெரியாது, ஆனா அதே பவர்ல தூரம் கம்மி.

பழையபேரல்:
தம்பி, அந்த 1800 மீட்டரை நம்பி வாங்கிடாதீங்க, இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன். நீங்க சொன்ன மாதிரி ஸ்கோப்ல சென்சார் பிக்சல் 12 மைக்ரான்னு வச்சுக்கோங்க. 12 மைக்ரானை 35 எம்எம்மால வகுத்தா 100 மீட்டர்ல ஒரு பிக்சல் மூணரை சென்டிமீட்டர் இடத்தைப் பிடிக்கும். 1800 மீட்டர்ல அதே பிக்சல் 62 சென்டிமீட்டர், அதாவது ஒரு ஆள் நின்னா மொத்தமே மூணு பிக்சல். ஏதோ சூடா ஒண்ணு இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான். ஜான்சன் கணக்குன்னு 1958ல வந்த ஒரு அளவுகோல் இருக்கு, அதுல ஏதோ இருக்குன்னு தெரிய ரெண்டு பிக்சல் போதும், என்ன வகைன்னு புரிய எட்டு வேணும், இது இன்னதுதான்னு சொல்ல பதிமூணு வேணும், அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புலதான். உங்க பன்னி 65 சென்டிமீட்டர் உயரம்னு வைங்க. 150 மீட்டர்ல 35 எம்எம் லென்ஸ்ல பன்னண்டு, பதிமூணு பிக்சல். 25 எம்எம்ல ஒன்பதுதான். கன்னுக்குட்டியா பன்னியான்னு குழம்புற இடம் அது, அந்தக் குழப்பத்தோட ட்ரிக்கர்ல விரல் போகவே கூடாது. ஜூம் பண்ணினா தெளிவாயிடும்னு நினைக்காதீங்க, டிஜிட்டல் ஜூம் இருக்கிற பிக்சலைத்தான் பெருசாக்கும்.

காட்டுவழி:
ரொம்ப நன்றி அண்ணா, இப்படி யாருமே கணக்குப் போட்டுச் சொன்னதில்ல. இரவாடி ப்ரோ, டார்ச்சைப் பக்கவாட்டுல மாத்தி பவரைப் பாதியாக்கினேன், நேத்து 120 மீட்டர்ல வேலிக் கம்பம் கோடு மாதிரி தெளிவா நின்னுச்சு! தெர்மலுக்குப் போனா 384க்குப் பதிலா 640 சென்சார் எடுத்தா இன்னும் தூரம் கிடைக்குமா?

பழையபேரல்:
அதே 12 மைக்ரான், அதே லென்ஸ்னா பன்னி மேல விழுற பிக்சல் எண்ணிக்கை ஒண்ணுதான் தம்பி. 640ல பார்வை அகலம் கூடும், 100 மீட்டர்ல 13 மீட்டர் தெரிஞ்சது கிட்டத்தட்ட 22 ஆகும், ஓடுற பன்னியைத் தொடர அது நல்ல வசதி. தூரம் வேணும்னா லென்ஸைத்தான் பெருசாக்கணும். உங்க 150க்கு 384ம் 35 எம்எம்மும் போதும், காசை மிச்சம் பிடிச்சு கையில வச்சுப் பாக்குற தெர்மல் மோனோகுலர் ஒண்ணு வாங்குங்க.

வேலியோரம்:
அண்ணன் சொன்ன அந்தக் கடைசி விஷயத்தைத் தயவு செஞ்சு விட்டுடாதீங்க. ஸ்கோப்பாலேயே காட்டைத் துழாவினா, பாக்குற ஒவ்வொண்ணு மேலயும் துப்பாக்கியை நீட்டிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம், அது நாயா இருக்கலாம், தண்ணி பாய்ச்ச வந்த மனுஷனா இருக்கலாம். எனக்கு ஒருதடவை அப்படி ஆச்சு. குனிஞ்சு நின்ன ஒரு ஆள் தெர்மல்ல பன்னி மாதிரியே தெரிஞ்சார், நிமிர்ந்ததுக்கப்புறம்தான் தெரிஞ்சது. அன்னிக்கு ராத்திரி முழுக்க கை நடுங்குச்சு. அதுலருந்து மோனோகுலர்ல அடையாளம் தெரிஞ்சாத்தான் ரைஃபிளைத் தூக்குறேன். இன்னொண்ணு, தெர்மல்ல பின்னாடி மேடு இருக்கா வெட்டவெளியான்னு சரியா புரியாது, நடுவுல இருக்கிற கம்பி, சுள்ளி எல்லாம் சுத்தி உள்ளதோட அதே சூட்டுல இருந்தா கண்ணுலயே படாது. பகல்லயே போய் எந்தத் திசையில சுடலாம், எதுல கூடாதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க.

இரவாடி:
தூரமும் தெர்மல்ல ஏமாத்தும் ப்ரோ, லேசர் ரேஞ்ச் ஃபைண்டர் உள்ளயே இருக்கிற மாடலா பாருங்க. மழை பேஞ்சு ஓஞ்ச ராத்திரியில எல்லாம் ஒரே சூடா ஆகி படம் தட்டையா இருக்கும், அதைப் பாத்து பயந்துடாதீங்க.

காட்டுவழி:
சரி, 384ம் 35 எம்எம்மும், கூட ஒரு மோனோகுலர்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்குக் காசு சேரும் வரைக்கும் பழைய 3-9ஐ வச்சு அந்தி நேரத்துல ஏதாவது தேத்த முடியுமா?

பழையபேரல்:
9ல வைக்காதீங்க. 40ஐ 9ஆல வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளிவட்டம் நாலரை எம்எம்கூட வராது, 6ல வச்சா கிட்டத்தட்ட ஏழு, இருட்டுல கண்மணி விரியுற அளவுக்குச் சரியா இருக்கும். அதுக்கும் மேல இருட்டினா துப்பாக்கியை இறக்கிட்டு வீட்டுக்குப் போயிடுங்க. தெர்மல் வந்ததும் ஜீரோ பண்ண, அதாவது குறியும் குண்டு படுற இடமும் ஒண்ணா சேர, அட்டையில அலுமினிய ஃபாயிலைச் சின்ன சதுரமா ஒட்டி, மேல் பக்கம் லேசா வானத்தைப் பாக்குற மாதிரி சாய்ச்சு வைங்க, வானத்தோட குளிர்ச்சியைப் பிரதிபலிச்சு கறுப்பா தெளிவா தெரியும்.